மெடிக்கலா, கிளினிக்கா, லேபா: காய்ச்சலுக்கு முதல் நடை எங்கே?

திருப்பூரில் சனிக்கிழமை சம்பள நாள். அன்று சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் ஒரு மெடிக்கல் கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தால், நம் ஊர் வைத்தியம் எப்படி நடக்கிறது என்று விளங்கிவிடும். என் மச்சான் அவிநாசி ரோட்டுப் பக்கம் இருபது வருஷத்துக்கு மேலாக மெடிக்கல் வைத்திருக்கிறார். பனியன் கம்பெனியில் கணக்கு முடித்துவிட்டு வீட்டுக்குப் போகும் வழியில் அங்கே உட்காருவது என் வழக்கம். வருகிறவர்களில் பாதிப்பேர் சீட்டு கொண்டு வருவதில்லை.

"சளி காய்ச்சலுக்கு ஒரு செட் குடுங்ண்ணா. விடிஞ்சா ஒண்ணரை ஷிப்ட் இருக்குதுங், படுக்க முடியாது."

செட் என்றால் தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். காய்ச்சலுக்கு ஒன்று, மூக்கொழுகலுக்கு ஒன்று, வயிற்றைக் காக்க ஒன்று, அதோடு ஒரு ஆன்டிபயாடிக். அட்டையிலிருந்து கத்தரித்து, பேப்பர் கவரில் போட்டு, காலை இரவு என்று பேனாவில் கோடு கிழித்துக் கொடுப்பார்கள். கத்தரித்த துண்டில் மருந்தின் பெயரும் இருக்காது, காலாவதித் தேதியும் இருக்காது. "மருந்து கேக்க வர்றாங்க மாப்ள, நோவச் சொல்ல வர்றதில்ல" என்பார் மச்சான். கேட்டால் நாலு கேள்வி கேட்பார், சிலருக்கு அதுவே பிடிக்காமல் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்கள்.

அப்படிக் கேட்கிறவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. பீஸ் ரேட்டில் தைக்கிறவர் டாக்டரைப் பார்க்கப் போனால் கட்டணம் 250, 300 ரூபாயோடு முடிவதில்லை. அரை நாள் தையலும் போய்விடும். செட்டுக்கு 70, 80 ரூபாய்தான் ஆகும். இந்தக் கணக்கைப் போடத் தெரியாதவர் திருப்பூரில் யாருமில்லை. ஆகவே "எப்போதும் டாக்டரிடமே போங்கள்" என்று எழுதிவிட்டுப் போவதில் பிரயோஜனம் இல்லை. எந்த வாசலில் எதற்குப் போகலாம், அங்கே நாம் கொடுக்கும் காசு எதற்காகப் போகிறது என்று பார்ப்போம். நான் கண்டவரை எல்லாக் குழப்பமும் அந்தக் காசில்தான் தொடங்குகிறது.

மெடிக்கலில் இருந்தே ஆரம்பிக்கிறேன். அதில்தான் சொல்ல நிறைய இருக்கிறது.

மருந்துக் கடைக்காரரே பரிசோதித்து மருந்தும் கொடுக்கலாம் என்று சட்டப்படி அனுமதித்த நாடுகள் இருக்கின்றன. இங்கிலாந்தில் 2024 ஜனவரி 31 அன்று 'பார்மசி ஃபர்ஸ்ட்' என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். தொண்டை வலி, சைனஸ், குழந்தைகளின் காதுவலி, பூச்சிக்கடி புண்ணாவது, முகத்தில் வரும் தொற்றுப் புண், அக்கி, பெண்களுக்கு வரும் நீர்க்கடுப்பு என ஏழே ஏழு நோய்களுக்கு டாக்டர் சீட்டு இல்லாமல் பார்மசிஸ்ட்டே பார்த்து மருந்து தரலாம், தேவைப்பட்டால் ஆன்டிபயாடிக்கும் தரலாம். ஸ்காட்லாந்தில் 2020லேயே இப்படி ஒன்று வந்துவிட்டது. கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் 2007 முதல் பார்மசிஸ்ட்டுகள் மருந்து எழுதுகிறார்கள். ஒன்டாரியோவில் 2023 ஜனவரி 1 முதல் சில சின்ன நோய்களுக்கு அனுமதி உண்டு. அமெரிக்காவில் சில மாநிலங்களில் மருந்துக் கடையிலேயே மூக்கிலோ தொண்டையிலோ பஞ்சு தடவி ஃப்ளூவா, வேறு கிருமியா என்று பார்த்து மருந்து கொடுக்கிறார்கள்.

"நம்ம மெடிக்கல்காரரும் அதத்தான பண்றாரு?" என்று கேட்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் அங்கே அந்தப் பார்மசிஸ்ட் என்ன செய்கிறார் என்று பாருங்கள். தனி அறையில் உட்கார வைக்கிறார். தொண்டை வலி என்றால், காய்ச்சல் உண்டா, சீழ் தெரிகிறதா, மூன்று நாளுக்குள் வேகமாக முற்றியதா, தொண்டை நன்றாகச் சிவந்து வீங்கியிருக்கிறதா, இருமலோ மூக்கொழுகலோ இல்லாமல் இருக்கிறதா என்று ஐந்து விஷயத்துக்கு மதிப்பெண் போடுகிறார். மதிப்பெண் குறைவாக இருந்தால் ஆன்டிபயாடிக் கிடையாது, வலிக்கு மருந்தும் ஆறுதல் வார்த்தையும்தான். காதுவலி என்றால் காதுக்குள் விளக்கடித்துப் பார்க்கிறார். பார்த்ததைக் கம்ப்யூட்டரில் பதிகிறார், அது அந்த நோயாளியின் குடும்ப டாக்டருக்குப் போய்ச் சேருகிறது. திட்டத்தின் வரம்புக்குள் வராத நோயாளியை டாக்டரிடம் அனுப்பிவிடுகிறார். நீர்க்கடுப்புக்கு 16 முதல் 64 வயதுப் பெண்களுக்கு மட்டும்தான் பார்ப்பார். கர்ப்பிணி என்றால் மாட்டார், ஆறு மாதத்தில் ரெண்டாவது முறை வந்திருந்தாலும் மாட்டார்.

காசு விஷயம் இதைவிட முக்கியம். திட்டம் தொடங்கியபோது ஒரு ஆலோசனைக்கு 15 பவுண்டு என்று அரசு அந்தக் கடைக்குக் கொடுத்தது. மருந்து விற்றாலும் விற்காவிட்டாலும் கொடுத்தது. "உங்களுக்கு மருந்து வேண்டாம்" என்று சொன்னதற்கும் கூலி உண்டு.

இங்கே மச்சானுக்கு ஆலோசனைக் கூலி என்று ஒரு பைசா கிடையாது. விலைக் கட்டுப்பாட்டில் இருக்கும் மருந்துகளுக்குச் சில்லறைக் கடைக்காரருக்கு 16 சதவீத லாபம் என்று 2013 மருந்து விலை ஆணை வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறது. மாத்திரையை நகர்த்தினால்தான் அந்த 16. கால் மணி நேரம் விசாரித்துவிட்டு "தண்ணி குடிங்க, ரெண்டு நாள்ல தானா போயிரும்" என்று அனுப்பினால் கிடைப்பது பூஜ்யம். நல்ல மனசு இருக்கிறவரையும் இந்தக் கணக்கு தினமும் ஒரு பக்கமாகவே இழுக்கும். நம் பார்மசிஸ்ட்டுகளுக்கும் மருந்து கொடுக்க அனுமதி தரலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: முதலில் மருந்து கொடுக்காததற்குக் கூலி கொடுங்கள், பார்த்ததை எழுதி வைக்க ஓர் இடம் கொடுங்கள். இந்த ரெண்டும் இல்லாமல் அனுமதி மட்டும் தந்தால், செட்டுக்கு முத்திரை குத்திக் கொடுத்த மாதிரிதான் ஆகும்.

படிப்பிலும் வித்தியாசம் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. இங்கே பார்மசிஸ்ட் ஆவதற்கான டி.பார்ம் டிப்ளமோ ரெண்டு வருஷம், அதோடு 500 மணி நேரப் பயிற்சி. மருந்தைப் பற்றிச் சொல்லித் தருகிறார்கள், உடம்பைத் தொட்டுப் பார்க்கச் சொல்லித் தருவதில்லை. அதிலும் சில கடைகளில் சர்டிபிகேட் மட்டும் சுவரில் தொங்கும், அதற்குரிய ஆள் வேறு எங்கோ இருப்பார். டாக்டர் சீட்டுக்கான மருந்தைப் பதிவு பெற்ற பார்மசிஸ்ட் தவிர வேறு யாரும் கொடுக்கக் கூடாது என்று 1948ஆம் வருஷத்து பார்மசி சட்டமே சொல்கிறது. நீங்கள் போகும் கடையில் அந்த ஆள் யார் என்று ஒரு நாள் சும்மா கேட்டுப் பாருங்கள். கோபித்துக்கொண்டால் கடையை மாற்றிவிடலாம்.

சட்டம் இன்னும் ஒன்று சொல்கிறது. ஆன்டிபயாடிக் எல்லாம் சீட்டுக்கு மட்டுமே கொடுக்க வேண்டிய மருந்துகள். செஃபிக்ஸிம், லெவோஃப்ளாக்ஸசின் போன்றவை 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த 'எச் 1' பட்டியலில் இருக்கின்றன. அவற்றைக் கொடுத்தால் நோயாளி பெயர், டாக்டர் பெயர், அளவு எல்லாம் தனி ரிஜிஸ்டரில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். வாளையார் தாண்டிப் பாலக்காட்டுப் பக்கம் போய்ச் சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் கேட்டுப் பாருங்கள், இங்கே போல் எளிதாகக் கிடைக்காது. கேரளத்தில் 2024 முதல் கடைகளில் திடீர்ச் சோதனை போடுகிறார்கள்.

எழுதி வைக்காததால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் வீட்டிலேயே கதை இருக்கிறது. என் மனைவிக்கு நீர்க்கடுப்பு வந்தது. மச்சானிடம் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு, பஸ் ஸ்டாண்டு பக்கம் வேறு ஒரு கடையில் நானே போய் மாத்திரை வாங்கி வந்தேன். மூன்று நாளில் சரியாகிவிட்டது. ஒன்றரை மாதம் கழித்து மறுபடியும் எரிச்சல், மறுபடியும் அதே மாத்திரை. அப்புறம் மூன்றாவது தடவையும் வந்தது, இந்த முறை மாத்திரை கேட்கவில்லை. முதுகுப் பக்கம் வலி, குளிர் நடுக்கம் என்று ஆன பிறகுதான் டாக்டரிடம் ஓடினோம். யூரின் கல்ச்சர் பார்த்ததில் நான் வாங்கிக் கொடுத்த மருந்துக்கு அந்தக் கிருமி மசியாது என்று வந்தது. கூடவே சர்க்கரையும் பார்த்தார்கள். வெறும் வயிற்றில் 212. அவளுக்குச் சர்க்கரை இருப்பதே அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும்.

மூன்று தடவையும் கவுன்டரில் நின்றது வேறு வேறு பையன்கள். இது மூன்றாவது தடவை என்று அவர்களுக்குத் தெரிய வழியில்லை, நானும் சொல்லவில்லை. இங்கிலாந்தில் இருந்திருந்தால் ரெண்டாவது தடவையே கடையில் நிறுத்தி டாக்டரிடம் அனுப்பியிருப்பார்கள். அவர்களுக்கு நம் ஆட்களைவிட மூளை அதிகம் என்பதால் இல்லை, முதல் தடவை நடந்தது கம்ப்யூட்டரில் இருக்கும் என்பதால்.

மெடிக்கலுக்கு நேராகவே போகக் கூடிய விஷயங்கள் இல்லாமல் இல்லை. மூக்கொழுகும் சாதாரண சளி, வாய்ப்புண், லேசான உடம்பு வலி, ஒரு நாள் வயிற்றால் போவது. வயிற்றால் போனால் ஓஆர்எஸ் பாக்கெட் கேளுங்கள், பழச்சுவை டப்பாவைக் கேட்காதீர்கள். ஓஆர்எஸ் என்ற எழுத்தைப் போட்டுச் சர்க்கரைத் தண்ணீரை விற்றுக்கொண்டிருந்ததை 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடுத்தது. குழந்தைக்கு என்றால் ஜிங்க்கும் 14 நாள் கொடுக்க வேண்டும், அதற்கு அளவு கேட்டுக்கொள்ளுங்கள். நாலு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்குச் சளி சிரப் மட்டும் கடையில் கேட்டு வாங்கவே வேண்டாம். குளோர்பெனிரமினும் பினைல்எஃப்ரினும் சேர்ந்த கலவையை அந்த வயதில் கொடுக்கக் கூடாது என்று 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டாளர் லேபிளிலேயே போடச் சொல்லிவிட்டார். நம் வீட்டு அலமாரியில் பழைய பாட்டில் இருந்தால் அதில் அந்த எச்சரிக்கை இருக்காது.

படர்தாமரைக்கும் மெடிக்கலுக்குப் போகாதீர்கள் என்பேன். வெயிலும் வேர்வையுமாக நிற்கும் டையிங் பட்டறை ஆட்களுக்கு இது தீராத தொல்லை. கடையில் கேட்டால் கிடைக்கும் பல க்ரீம்களில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். ரெண்டு நாளில் அரிப்பு நின்றுவிடும், அதனால் நல்ல க்ரீம் என்று பெயர் வாங்கிவிடும். அடியில் காளான் பரவிக்கொண்டே இருக்கும், தோலும் மெலிந்து போகும். ஸ்டீராய்டு க்ரீம்கள் பலவற்றை 2018இல் சீட்டு மருந்தாக்கினார்கள். கவுன்டரில் அது யாருக்கும் நினைவிருப்பதாகத் தெரியவில்லை.

சரி, கிளினிக். அங்கே காசு டாக்டரின் நேரத்துக்குப் போகிறது. கூடவே ஊசிக்கும் போகிறது என்பது நமக்குத் தெரியும். ஊசி போடாவிட்டால் "என்ன டாக்டர் இவரு" என்று நாமே சொல்கிறோம், ஆகவே அவரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. கிளினிக்கில் கிடைப்பதும் வேறு எங்கும் கிடைக்காததும் ஒன்றுதான்: சட்டையைக் கழற்றிப் பார்ப்பது. தோட்டம் காட்டில் புழங்குகிறவர்களுக்கு ஸ்க்ரப் டைஃபஸ் என்று ஒரு காய்ச்சல் வரும். புதரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சி கடிப்பதால் வருவது. கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுப்புப் பொருக்கு பலருக்கு இருக்கும், அக்குளிலோ தொடை இடுக்கிலோ மறைந்திருக்கும், வலிக்காது. அதைக் கண்டுபிடித்துவிட்டால் டாக்ஸிசைக்ளின் என்ற விலை குறைந்த மாத்திரையே கேட்கும். கவனிக்காமல் விட்டால் நுரையீரல் வரை போய்விடும். செட்டில் இருக்கும் ஆன்டிபயாடிக் இதற்கு ஏற்றதாக இருக்குமா என்பது அதிர்ஷ்டம். கோபி, சத்தி, பொள்ளாச்சிப் பக்கம் காட்டு வேலைக்குப் போய்விட்டு வந்து அஞ்சாறு நாளாகக் காய்ச்சல் விடவில்லை என்றால், தலைவலி என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல் காட்டுக்குப் போனதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

லேபுக்கு நேராகப் போவது இப்போது ஒரு பழக்கமாகிவிட்டது. காய்ச்சல் என்றதும் "ஃபீவர் பேக்கேஜ்" என்று ரத்தம் கொடுத்துவிட்டு வருகிறார்கள். லேபுக்குக் காசு சோதனைக்கு, அதன் அர்த்தத்துக்கு இல்லை. டெங்குவுக்கு என்எஸ்1 சோதனை காய்ச்சல் வந்த முதல் ஐந்து நாளுக்குள் எடுத்தால்தான் பலன். அதற்குப் பிறகு எடுத்து நெகட்டிவ் வந்தால், டெங்கு இல்லை என்று ஆகாது. வைடால் என்று டைஃபாய்டுக்கு ஒன்று எடுப்பார்கள். ஒரே ஒரு தடவை எடுத்த வைடாலை வைத்து டைஃபாய்டு என்று உறுதி செய்ய முடியாது. முன்பு எப்போதோ வந்த தொற்றும், வேறு காய்ச்சலும்கூட அதில் பாசிட்டிவ் காட்டும். அந்தப் பேப்பரைக் கொண்டுபோய் மெடிக்கலில் காட்டி "டைஃபாய்டாமா, மாத்திரை குடுங்க" என்று கேட்பவர்களை நான் எண்ணிப் பார்த்ததில்லை, ஆனால் வாரம் ஒருத்தராவது வருகிறார். எனக்குப் பிடிக்காத வழி இதுதான். ரெண்டு தப்பு சேர்ந்து ஒரு சரி ஆகும் என்று நம்புகிற வழி.

அரசு வாசலை நம் ஆட்கள் கடைசியில்தான் நினைக்கிறார்கள். எனக்கு அதில் ஒரு ஆதங்கம் உண்டு. அங்கே மாத்திரை கூடக் கொடுத்தாலும் யாருக்கும் லாபம் இல்லை, குறைத்துக் கொடுத்தாலும் நஷ்டம் இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் இருக்கிறார், பார்மசிஸ்ட் இருக்கிறார், ரத்தம் பார்க்கவும் வசதி இருக்கிறது, எதற்கும் காசு கிடையாது. நகரத்தில் 2023 முதல் நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் வந்திருக்கின்றன. காலை 8 முதல் 12, மாலை 4 முதல் 8 வரை. அந்த மாலை நேரம் ஒரு ஷிப்ட் ஆளுக்குப் பெரிய விஷயம். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவரும் மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது. என் மனைவிக்கும் இப்போது மாத்திரை அப்படித்தான் வருகிறது. கூட்டம் இருக்கும், உட்கார இடம் இருக்காது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

கம்பெனிச் சம்பளத்தில் இஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீட்டுக்குப் பிடித்தம் போகிறவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கும் தொழிலாளிக்கு உரிமை உண்டு. அவர் பங்கு 0.75 சதவீதம் ஏற்கனவே சம்பளத்தில் போய்க்கொண்டிருக்கிறது. நோயால் வேலைக்குப் போக முடியாமல் படுத்துவிட்டால், தகுதி நாட்கள் சேர்ந்திருந்தால், சம்பளத்தில் 70 சதவீதம் வரை வருஷத்துக்கு 91 நாளுக்குக் கிடைக்கும். பொதுவாக முதல் ரெண்டு நாளுக்குக் கிடைக்காது. அதற்கு இஎஸ்ஐ டாக்டரின் சான்று வேண்டும். மெடிக்கலில் வாங்கிய செட்டுக்கு யாரும் சான்று கொடுப்பதில்லை. அரை நாள் கூலி போகிறதே என்று கடைக்கு ஓடுகிறவர், ஒரு வாரம் படுத்தால் அந்த வாரக் கூலியையும் விட்டுக்கொடுக்கிறார்.

மாநில அரசின் முதல்வர் மருந்தகம், மத்திய அரசின் மக்கள் மருந்தகம் ரெண்டும் வேறு கணக்கு. முதல்வர் மருந்தகம் 2025 பிப்ரவரியில் ஆயிரம் கடைகளோடு ஆரம்பித்தது. என்ன மருந்து என்று தெரிந்துவிட்ட பிறகு குறைந்த விலைக்கு வாங்க அங்கே போகலாம். என்ன நோய் என்று கேட்கப் போகிற இடம் அது கிடையாது. அரசின் இ-சஞ்சீவனியில் வீடியோவில் டாக்டரைப் பார்த்துக் காசில்லாமல் சீட்டு வாங்கலாம். ஏற்கனவே சாப்பிடும் மாத்திரை தீர்ந்துபோனதற்கும், போகலாமா வேண்டாமா என்ற சந்தேகத்துக்கும் நல்லது. காதுவலியைப் போனில் பார்க்க முடியாது.

போன ஐப்பசி மழையில் நடந்தது ஒன்று. ஒரு பையன் வந்தான், இருபத்தைந்து வயது இருக்கும், நிட்டிங்கில் வேலை. "காய்ச்சல் விட்டுருச்சுங்ண்ணா, நாலு நாளா இருந்துச்சு. இப்ப வவுறுதான் வலிக்குது, வாந்தி நிக்க மாட்டேங்குது. கேஸ் மாத்திரை குடுங்க." காய்ச்சல் விட்டதே நல்லதுதானே என்று எனக்குப் பட்டது. மச்சான் மாத்திரையை எடுக்கவில்லை. "வலிக்கு என்ன போட்ட தம்பி?" என்றார். ரூம்மேட் கொடுத்த டைக்ளோஃபெனாக் என்றான். டெங்குவில் ஆபத்தான கட்டம் காய்ச்சல் இறங்கும்போதுதான், மூன்றாவது நாளிலிருந்து ஏழாவது நாளுக்குள் வரும். வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், துவண்டு கிடப்பது எல்லாம் அபாய அறிகுறிகள். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் மாதிரி மருந்துகள் டெங்குவில் ரத்தக் கசிவைக் கூட்டும், பாரசிட்டமால் மட்டும்தான் கொடுக்கலாம். மச்சான் ஆட்டோ பிடித்துக் கொடுத்து பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார். விற்றது ஒரு ஓஆர்எஸ் பாக்கெட், அதற்கும் காசு வாங்க மறந்துவிட்டார். பிளேட்லெட் இறங்கியிருந்ததாகவும் ஐந்து நாள் படுத்திருந்ததாகவும் பின்னால் அவனே வந்து சொன்னான்.

இப்படிப்பட்ட பார்மசிஸ்ட் உங்கள் தெருவில் இருந்தால் நீங்கள் கொடுத்துவைத்தவர்கள். இருக்கிறாரா என்று தெரியாதபோது நான் இப்படிச் செய்கிறேன். ரெண்டு நாள் வரை உள்ள சளி, லேசான காய்ச்சலுக்கு மெடிக்கலில் பாரசிட்டமால் மட்டும், முழு அட்டையாக, பில்லோடு. மூன்றாம் நாளும் காய்ச்சல் இருந்தால் மாலை 4 மணிக்கு நலவாழ்வு மையம். சின்னக் குழந்தை, கர்ப்பிணி, சர்க்கரைக்காரர், அறுபது தாண்டியவர் என்றால் முதல் நாளே டாக்டர். மூச்சு வாங்கினாலோ நினைவு தடுமாறினாலோ 108. டாக்டர் சொன்ன பிறகுதான் லேப். படர்தாமரைக்குத் தோல் டாக்டர்.

அப்புறம், வீட்டில் பிரிட்ஜ் மேல் ஒரு பழைய பிஸ்கட் டப்பா வைத்திருக்கிறோம். வாங்கிய மாத்திரைக்கான பில், காலி அட்டை எல்லாம் அதில் போகும். யாருக்கு, எதற்கு என்று பில்லின் பின்னால் என் மகள் எழுதி வைப்பாள். கடைக்குப் போகும் முன் டப்பாவைத் திறந்து பார்ப்பேன். ஆறு மாதத்துக்குள் அதே ஆளுக்கு அதே மருந்து இருந்தால் கடைக்குப் போக மாட்டேன், டப்பாவையே தூக்கிக்கொண்டு டாக்டரிடம் போவேன்.